சேவர் டவுன், நாளைக்கு வாங்க

மைக்ரோசொஃப்ட் தன்னுடைய அடுத்த விண்டோஸ் சேவரை வெளியிட முன்னர், அதன் முன்னோட்டப் பதிப்புகளை விரும்பியவர்கள் இறக்கிப் பரிசோதிக்கக் கொடுக்கும். 2024இல் வந்த அந்தப் பதிப்புகளின் அறிவித்தல்களில் ‘தெரிந்த பிழைகள்’ என்று ஒரு பகுதி இருந்தது. நிகழ்வுப் பதிவேட்டை ஒரு குறிப்பிட்ட கட்டளையால் சேமிக்கப் போனால் அந்தப் பதிவேட்டுச் சேவையே விழுந்துவிடும், நிர்வாகியாக உள்ளே போய்க் கையால் திரும்ப ஆரம்பித்துவிடுங்கள் என்று எழுதியிருந்தார்கள். 2019, 2022 பதிப்புகளிலிருந்து மேம்படுத்திப் பார்க்க நினைப்பவர்கள் இந்தப் பதிப்பைப் பாவிக்கவேண்டாம், இடைக்கிடை தோற்றுப்போகிறது என்று எழுதியிருந்தார்கள். அப்டேட் பட்டியலில் இது ‘விண்டோஸ் 11’ என்று பெயர் காட்டலாம், இறங்குவது சேவர்தான், பெயரைக் கணக்கெடுக்காதீர்கள் என்றும் இருந்தது.

சிரிப்பு வரத்தான் செய்யும். உலகத்திலேயே பெரிய கம்பனிகளில் ஒன்று தன்ட சாமானுக்குத் தானே பிழையான பெயரை ஒட்டிவிட்டு, ‘அதக் கணக்கெடுக்காதீங்க’ என்கிறது. ஆனால் சிரித்து முடித்த பிறகு எங்களுக்கு வந்தது கோபம். மைக்ரோசொஃப்டின் மேல் இல்லை.

இது பரிசோதனைக்கு மட்டும் என்று சொல்லித் தருகிற சாமான். எந்தத் திகதியோடு காலாவதியாகும் என்பதையும் சேர்த்தே சொல்கிறார்கள். உண்மையான வேலைக்கு ஒருவரும் பாவிக்கக்கூடாத அப்படிப்பட்ட ஒன்றுக்குக்கூட, எங்கே உடையும், உடைந்தால் அதுவரைக்கும் என்ன செய்யலாம் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. எங்கட பிறப்புப் பதிவும், கொடுப்பனவுப் பெயர்ப்பட்டியலும் ஏறியிருக்கிற அரச சேவர்களுக்கு அப்படி ஒரு பட்டியலைச் சொறிக்கல்முனையிலோ நற்பிட்டிமுனையிலோ சாய்ந்தமருதிலோ ஆராவது கண்டிருக்கிறீர்களா? நாங்கள் காணவில்லை. நாங்கள் கண்டதெல்லாம் ஒரேயொரு வசனம்தான்: ‘சேவர் டவுன், நாளைக்கு வாங்க.’

இந்த வசனத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். எந்தச் சேவர்? எப்பயிலிருந்து? இந்த அலுவலகத்தில் மட்டுமா, நாடு முழுக்கவா? நாளைக்கு வந்தால் சரிவரும் என்று ஆர் சொன்னது? ஒன்றுக்கும் பதில் இல்லை. கவுண்டரில் இருக்கிற அந்தப் பிள்ளைக்கும் தெரியாது. அவரிலே பிழை சொல்ல ஏலாது, அவருக்கும் ஒருவரும் சொல்லவில்லை. ஆனால் அந்த ‘நாளைக்கு’ ஒரு கூலித் தொழிலாளிக்கு ஒரு நாள் சம்பளம். வயதான ஒரு உம்மாவுக்கு இன்னொரு ஓட்டோக் காசு.

மாற்றுவழி என்றால் என்னவென்று எங்கட ஊருக்கு ஆரும் படிப்பிக்கத் தேவையில்லை. மாரி வந்தால் கிட்டங்கி வீதிக்கு மேலால் தண்ணி பாயும். நாவிதன்வெளிப் பக்கத்துக்கும் கல்முனைக்கும் இடையிலே போக்குவரத்து நின்றுவிடும். உழவு மெசினில் ஏறிக் கடப்பதா, சுற்றிப் போவதா, இண்டைக்குப் போகாமல் விடுவதா என்று சனம் விடியவே கதைத்து முடிவெடுத்துவிடும். அந்தப் பிழை எல்லாருக்கும் தெரியும் என்பதால்தான் அது முடிகிறது. பாலத்தை உயர்த்தித் தராதது வேறு கதை, அதற்குத் தனியாகச் சண்டை பிடிக்கவேண்டும். ஆனால் தண்ணி கண்ணுக்குத் தெரிகிறது. சேவர் விழுந்தால் கண்ணுக்குத் தெரியாது.

தெரியாதபோது என்ன நடக்கும்? பிழை ஒரு சிலருக்கு மட்டும் தெரிந்திருக்கும். இணைய விண்ணப்பத்தில் பெயருக்கு நடுவில் புள்ளி போட்டால் ஏற்காது, பின்னேரம் போனால் வேலை நடக்காது, காலை ஒன்பதுக்கு முதல் போனால் நடக்கும், பழைய தாள் விண்ணப்பம் இன்னும் செல்லும், ஆனால் கேட்டால்தான் தருவார்கள். இந்த மாதிரி விசயங்கள் உள்ளே ஆள் தெரிந்தவருக்குத்தான் வந்துசேரும். மச்சானுக்கு வேலை அங்கே என்றால் ஒரு கோலில் முடிந்தது. மற்றவர் மூன்று முறை அலைவார். ஆக, வெளியில் எழுதாத ஒரு பிழை கொஞ்ச நாளில் ஒரு செல்வாக்காக மாறிவிடுகிறது. பட்டியல் போட்டு ஒட்டாததால் ஆருக்கு நட்டம் என்று கேட்பவர்கள், ஒட்டாமல் விட்டதால் ஆருக்கு இலாபம் என்பதையும் கேட்கட்டும்.

இனி 2023க்கு வருவோம். அந்த வருடம் ஆகஸ்ட் 26 இல் இலங்கை அரச முகில் எனப்படும் அரசாங்கத்தின் பொதுச் சேவர்த் தொகுதி மீது கப்பம் கேட்கும் மென்பொருள் தாக்குதல் நடந்தது. அரச மின்னஞ்சல் முகவரிகள் ஏறக்குறைய 5,000 பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகமும் அதில் சேர்த்தி. தொகுதியைச் சீக்கிரமே எழுப்பிவிட்டார்கள். ஆனால் மே 17 தொடக்கம் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் போனது போனதுதான். இணைப்பில் இருந்த பெக்கப்பையும் தாக்குதல் பூட்டிவிட்டது. இணைப்பிலிருந்து கழற்றித் தனியே வைத்த பெக்கப் அந்தக் காலத்துக்கு இல்லை. ஓடிக்கொண்டிருந்தது மைக்ரோசொஃப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013. அதற்கான ஆதரவைத் தயாரித்த கம்பனியே 2023 ஏப்ரல் 11 உடன் நிறுத்தியிருந்தது. புதிய பதிப்புக்கு மாறும் திட்டம் 2021இலிருந்தே இருந்தது, பணப் பற்றாக்குறையாலும் முந்திய சபையின் தீர்மானங்களாலும் தள்ளிப்போனது என்று பொறுப்பான தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் பிறகு விளக்கம் சொன்னது.

பிறகு. அந்தச் சொல்லில்தான் எங்கட முழு வழக்கும் இருக்கிறது. ஆதரவு முடிகிற திகதி பல வருடங்களுக்கு முன்னரே உலகத்துக்கே தெரியும். பழையது ஆபத்து என்பது உள்ளே இருந்தவர்களுக்கும் தெரியும், தெரியாமலா மாற்றத் திட்டம் போட்டார்கள்? காசு இல்லை என்பதையும் நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம். 2022இல் இந்த நாட்டில் பெற்றோலுக்கு வரிசையில் நின்றவர்கள் நாங்கள். ஆனால் தெரிந்த ஒரு பிழைக்குக் காசில்லாமல் செய்யக்கூடிய ஒரு மாற்றுவழி இருந்தது: ‘இந்த மின்னஞ்சல் தொகுதி பழையது, முக்கியமான கடிதங்களை உங்கட கணினியிலும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.’ ஒரு சுற்றறிக்கை, ஒரு பந்தி. மைக்ரோசொஃப்டின் பரிசோதனைப் பதிப்பு இறக்குகிறவனுக்குக் கிடைக்கிற அந்த ஒரு பந்தி கிடைத்திருந்தால், மூன்று மாதத்துக்கும் மேலான கடிதங்களில் முக்கியமான ஒரு பங்காவது மிஞ்சியிருக்கும்.

இதற்கு இரண்டு வருடத்துக்கு முதல், 2021இல், தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் தரவுகள் அதே அரச முகிலிலிருந்து அழிந்து, குற்றப் புலனாய்வுத் திணைக்களம் வரைக்கும் போனது. மருந்துப் பதிவுகள்! ஒருமுறை சூடு பட்ட பூனை என்பார்கள். எங்கட பூனை அடுப்புக்குள்ளேயே குடியிருக்கிறது.

அரசாங்கங்களும் கம்பனிகளும் இப்படித்தான் என்று விட்டுவிடவும் முடியாது. டெபியன் என்று ஒரு இயங்குதளம் இருக்கிறது, உலகத்தில் எத்தனையோ சேவர்கள் அதில் ஓடுகின்றன. சம்பளமில்லாத தொண்டர்கள் கட்டுவது. 1997இல் அவர்கள் ஏற்றுக்கொண்ட சமூக ஒப்பந்தத்தில், பிழைகளை மறைக்கமாட்டோம், பிழைப் பதிவேடு முழுவதும் எந்த நேரமும் எல்லாருக்கும் திறந்திருக்கும் என்பது ஒரு உறுப்புரை. சொல்லிலே மட்டும் இல்லை. 2023 டிசம்பரில் 12.3 பதிப்பு வெளிவருகிற நேரத்தில், அதிலிருந்த கேர்னல் வன்தட்டில் உள்ள கோப்புகளைக் கெடுக்கக்கூடும் என்று தெரியவந்தது. உடனே எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்கள்: இப்போது மேம்படுத்தாதீர்கள், பொறுங்கள். திருத்தி 12.4 என்று அடுத்த நாளே விட்டார்கள். கௌரவம் போகவில்லை. எங்கட நாட்டில் மின்னஞ்சல்கள் தொலைந்து நாலு மாதம்கூட ஆகவில்லை அப்போது.

எங்களோடு வாதாடுபவர்கள் வழமையாகச் சொல்வது இரண்டு. முதலாவது, பலவீனத்தை எழுதி வைத்தால் கள்ளனுக்கு வழிகாட்டின மாதிரி. கேட்க நல்லாத்தான் இருக்கு. எக்ஸ்சேஞ்ச் 2013இன் ஆதரவு முடிந்த திகதியைக் கள்ளன் எங்கட அரசாங்கத்திடம் கேட்டா அறிந்தான்? தயாரித்தவனின் பக்கத்திலேயே இருக்கிறது. எந்தச் சேவர் எந்தப் பதிப்பில் ஓடுகிறது என்பதை வெளியிலிருந்து பார்க்கத் தெரிந்தவன்தான் தாக்க வருகிறான். அவனுக்குத் தெரியும், உள்ளே இருப்பவருக்குத் தெரியும், நடுவில் ஒன்றும் தெரியாமல் நிற்பது நாங்கள் மட்டும். திருத்தம் வராத ஓட்டைகளின் தொழில்நுட்ப நுணுக்கத்தை ஊருக்குச் சொல்லச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. எந்தச் சேவை எப்ப விழும், விழுந்தால் எந்தப் பத்திரத்தைத் தாளில் கொடுக்கலாம், எங்கட தரவுக்கு வெளியே ஒரு பிரதி இருக்கிறதா இல்லையா, அவ்வளவுதான்.

இரண்டாவது, சனத்துக்கு இதெல்லாம் விளங்காது. இதற்குப் பதில் சொல்லவே எங்களுக்கு விருப்பமில்லை. கிட்டங்கியில் தண்ணி எத்தனை அடி ஏறினால் உழவு மெசின் போகும், எத்தனை அடியில் போகாது என்று தெரிந்த சனத்துக்கு, ‘செவ்வாய்க்கிழமை பின்னேரம் இந்தச் சேவை வேலை செய்யாது’ என்ற ஒரு வரி விளங்காதாம்.

விளங்காததற்குக் காரணம் மொழி என்றால், அதைக் கதைப்போம். மைக்ரோசொஃப்டின் அந்த முன்னோட்டப் பதிப்பு 18 மொழிகளில் கிடைத்தது. தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை. 2024 நவம்பரில் முழுமையாக வெளியான விண்டோஸ் சேவர் 2025இன் பிழைப் பட்டியலிலோ, வேறு மொழியைத் தெரிவுசெய்து இன்ஸ்டோல் செய்தாலும் சில வசனங்கள் ஆங்கிலத்தில் வரலாம் என்பது ஒரு பிழையாகப் பதியப்பட்டிருந்தது. ஜேர்மன்காரனுக்கு இரண்டு வசனம் ஆங்கிலத்தில் வந்தால் அது பிழை, எங்களுக்கு எல்லா வசனமும் ஆங்கிலத்தில் வந்தால் அது இயல்பு! டெபியனின் இன்ஸ்டோலரில் தமிழ் இருக்கிறது, அதையும் தொண்டர்கள்தான் செய்தார்கள். 1987இலிருந்து தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பில் எழுதி வைத்திருக்கிற அரசாங்கத்துக்கு, தன்ட பிழைகளைத் தமிழில் எழுத எவ்வளவு நாள் தேவை?

எங்கட பொடியன்மாருக்கும் ஒரு வார்த்தை. லைசன்ஸ் காசு மிச்சம் என்று முன்னோட்டப் பதிப்பையே இறக்கி, ஒரு கடைக்கோ டியூஷன் நிலையத்துக்கோ ‘புது சேவர்’ என்று போட்டுக் கொடுக்கிற ஆட்கள் எங்களுக்குள்ளேயும் இருக்கிறார்கள். காலாவதித் திகதியைக் கடைக்காரரிடம் சொல்வதில்லை. பிழைப் பட்டியல் இருப்பதையும் சொல்வதில்லை. பிறகு மூன்று மாதக் கணக்கைத் தேடிக்கொண்டு அவர் நிற்பார். அரசாங்கம் எங்களுக்குச் செய்வதைத்தானே நாங்களும் அந்த மனிசனுக்குச் செய்கிறோம்? போட்டுக் கொடுக்கும்போதே, இது எத்தனையாம் திகதி வரைக்கும் ஓடும், எங்கே உடையும் என்று தமிழில் ஒரு தாள் எழுதிக் கையில் கொடுக்கமுடியாத ஆள் கடைச் சேவரில் கை வைக்கக்கூடாது.

இதெல்லாம் இப்போது ஏன்? 2025 பெப்ரவரியில் அரசாங்கத்துக்குக் காசு கட்டுவதற்கான கவ்பே ஆரம்பித்தது. டிஜிட்டல் அடையாள அட்டையும் வரப்போகிறது. இனி வரிசையில் தாளோடு நிற்கிற வழியும் ஒவ்வொன்றாக மூடப்படும். மின்னஞ்சல் தொலைந்தால் ஒரு திணைக்களம் திண்டாடும். அடையாளத்தை வைத்திருக்கிற சேவர் விழுந்தால் ஆஸ்பத்திரியிலும் வங்கியிலும் நிற்கிற மனிசனுக்குத் தான் ஆரென்று காட்ட வழியில்லாமல் போகும். அப்படிப்பட்ட தொகுதியை ‘பரிசோதனை’ என்ற பெயர்கூட இல்லாமல் எங்களில் பரிசோதிக்கப் போகிறார்களா என்பதுதான் எங்கட பயம்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, உள்நாட்டு நிதியில் ஐந்து இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட எந்தத் திட்டத்தையும், வெளிநாட்டு நிதியென்றால் ஒரு இலட்சம் டொலருக்கு மேற்பட்டதையும், ஆரம்பிக்க மூன்று மாதத்துக்கு முன்னரே பொதுமக்களுக்கும் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கும் அறிவிக்கவேண்டும் என்கிறது. கேட்காமலே சொல்லவேண்டிய கடமை. சொல்லாவிட்டால் கேட்பதற்கு வேறு பிரிவுகள் இருக்கின்றன. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவெடுக்கவேண்டும். தேசியப் பாதுகாப்பு என்று சொல்லி மறுத்தால் மேன்முறையீடு, அதற்கு மேல் ஆணைக்குழு.

நாங்கள் மூன்று கேள்விகளோடு விண்ணப்பம் எழுதியிருக்கிறோம். எங்கள் பிரதேசத்துக்குச் சேவை தரும் அரச தொகுதிகளில், தயாரித்தவரின் ஆதரவு முடிந்த மென்பொருளில் ஓடுபவை எத்தனை? இணைப்பிலிருந்து கழற்றித் தனியே வைக்கும் பெக்கப் எத்தனை நாளைக்கு ஒருமுறை எடுக்கப்படுகிறது, அதைத் திரும்ப ஏற்றிக் கடைசியாகச் சரிபார்த்த திகதி என்ன? தொகுதி விழுந்த நாளில் சேவை பெறும் மாற்றுவழி தமிழிலும் சிங்களத்திலும் எங்கே ஒட்டப்பட்டிருக்கிறது?

தகவலறியும் உரிமைப் படிவம் இலக்கம் 01இல் இதே கேள்விகளை உங்கட பிரதேச செயலகத்துக்கும் மாநகர சபைக்கும் போடலாம். எழுதித் தர ஆள் வேண்டுமென்றால் எங்களிடம் வாங்க. நாளைக்கு இல்லை, இண்டைக்கே.