அடைமுட்டைக்குத் தண்ணீர்ச் சோதனை வேண்டாம்

ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி சுற்றுவட்டாரத்தில் ஷூ கம்பெனி வேலைக்குப் போகும் பெண்கள் பலர் கொல்லையில் நாலைந்து நாட்டுக்கோழியும் வளர்க்கிறார்கள். காலையில் கம்பெனி வண்டி ஏறினால் பொழுது சாயும்போதுதான் வீடு. அடைக்கோழி எவ்வளவு நேரம் கூடையைவிட்டு இறங்கியிருந்தது என்பது தெரியாது. தொட்டால் முட்டை சில்லென்று இருக்கும். 21 நாள் கணக்கும் முடிந்திருக்கும். உடனே வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டுப் பார்க்கிறார்கள். ஆடினால் உயிர் இருக்கிறது, ஆடாவிட்டால் கூமுட்டை என்று குப்பைமேட்டுக்குப் போய்விடும்.

இந்தப் பழக்கத்தைக் கைவிட வேண்டும்.

முட்டை ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு. குஞ்சுக்குக் காற்று போகும் அதே வழியில், ஓடு நனைந்தால் கிருமியும் நுழையும். ஓட்டில் மயிரிழை விரிசல் விழுந்திருந்தால் குஞ்சு தண்ணீரில் மூழ்கியே சாகும். மிதப்பதை வைத்தும் எதையும் முடிவு செய்ய முடியாது. நாளாக ஆக முட்டையின் அகன்ற முனையில் காற்றறை பெருத்துக்கொண்டே போவதால், செத்ததும் மிதக்கும், உயிருள்ளதும் மிதக்கும். ஆடாத முட்டைக்குள் குஞ்சு சற்று ஓய்ந்து கிடக்கலாம்.

செல்போன் வெளிச்சம் போதும். ஷூ அட்டைப்பெட்டி ஒன்றில் முட்டையைவிடச் சிறிதாக ஓட்டை போட்டு, உள்ளே டார்ச்சை எரியவிட்டு, இருட்டறையில் அகன்ற முனையை அதன்மேல் வைத்துப் பார்க்கலாம். முழுக்க மஞ்சளாக ஒளிர்ந்தால் அது கருக்கூடாத முட்டை. 18ஆம் நாளுக்குப் பின் உயிருள்ள முட்டை காற்றறை தவிர மற்ற இடமெல்லாம் இருண்டிருக்கும்; அறையின் விளிம்பில் நிழல் அசைவதும் உண்டு. பொரிப்பதற்கு முந்தைய நாள் குஞ்சு காற்றறைக்குள் அலகை நீட்டி மூச்சுவிடத் தொடங்கும். காதருகே வைத்தால் கீச்சொலி கேட்கும். கசிவதையும் நாறுவதையும் மட்டும் உடனே எடுத்துவிடலாம்.

முட்டை ஆறிப்போனதற்காகப் பதற வேண்டாம். கடைசி நாட்களில் குஞ்சு தானே சூடு உண்டாக்கும். கொஞ்ச நேரக் குளிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும்.

இந்த வட்டாரத்தில் அதைவிடப் பெரிய கேடு வெயில். அடைகாக்க வேண்டிய சூடு 37.5 டிகிரி செல்சியஸ். வேலூரின் மே மாதம் 40ஐத் தாண்டுகிறது. அடை வைக்குமுன்பே, சேர்த்து வைத்த முட்டையில் கரு அரைகுறையாய் வளர்ந்து சாகிறது. ஈரமணல்மேல் வைத்த மண்பானையில் முட்டையைச் சேர்த்து, ஒரு வாரத்துக்குள் அடை வைத்துவிட வேண்டும்.

ஓட்டில் துளை விழுந்த பிறகு உரித்துவிடுவது இன்னொரு அவசரம். உள்சவ்வில் ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும்போது கிழித்தால் குஞ்சு ரத்தம் கொட்டிச் சாகும். அது தானாக வெளிவர 12 முதல் 24 மணி நேரம் ஆகலாம். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்துக்கு வேலூரிலேயே பயிற்சி மையம் இருக்கிறது. கம்பெனிக்கு விடுமுறையான ஞாயிற்றுக்கிழமைகளில் இதையெல்லாம் ஆம்பூருக்கே வந்து கற்றுக்கொடுக்கலாமே!