தீர்மானம் நிறைவேறிய பிறகு தெருவுக்கு வந்தால் போதாது



2025 ஆகஸ்ட் மாதம், ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் பந்தல் போட்டு உட்கார்ந்திருந்த நாட்களில், என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு கல்லூரி மாணவர் கேட்டார்: “அண்ணா, இவங்க வேலையைத் தனியாருக்குக் கொடுக்கலாம்னு எப்போ முடிவு பண்ணாங்க?” ஜூன் மாதம் மாமன்றத்தில் தீர்மானம் நிறைவேறியது என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அப்ப நாம எங்க இருந்தோம்?” என்றார்.

என்னிடம் பதில் இல்லை. முப்பது வருடமாக இயக்கத்தில் இருக்கிறேன் என்று சொல்லிக்கொள்கிறவன் நான். ஜூன் மாதக் கூட்டத்தின் பொருள் பட்டியலை நானும் பார்க்கவில்லை. அந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நடந்தது என்ன?

சென்னை மாநகராட்சியில் 15 மண்டலங்கள், 200 வார்டுகள். குப்பை அள்ளும் வேலை பெரும்பாலான மண்டலங்களில் ஏற்கெனவே தனியார் கையில். மிச்சமிருந்ததில் இரண்டு, ஐந்தாவது மண்டலமான இராயபுரமும் ஆறாவது மண்டலமான திரு.வி.க. நகரும். தொழிற்சங்க முன்னோடி ஒருவரின் பெயரைத் தாங்கிய மண்டலத்தில் தொழிலாளர்களின் வேலை டெண்டருக்குப் போனது. பத்து ஆண்டு ஒப்பந்தம், ஏறத்தாழ 2,300 கோடி ரூபாய்.

அங்கே வேலை செய்துகொண்டிருந்தவர்கள் சுமார் இரண்டாயிரம் பேர். பெரும்பாலும் பெண்கள், பெரும்பாலும் நம் மக்கள். தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் கீழ் தற்காலிகப் பணியாளர்களாகப் பத்து, பதினைந்து வருடம் உழைத்தவர்கள். கொரோனா காலத்தில் நாமெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டபோது தெருவில் நின்றவர்கள். மாதம் 22 ஆயிரத்துக்கு மேல் வாங்கிக்கொண்டிருந்த சம்பளம் தனியாரிடம் போனால் 16 ஆயிரம் சொச்சமாகிவிடும் என்றார்கள். பணி நிரந்தரம் வேண்டும், தனியாரிடம் ஒப்படைக்காதே என்பதுதான் கோரிக்கை.

ஆகஸ்ட் 1ஆம் தேதி தொடங்கிய போராட்டம் 13ஆம் தேதி நள்ளிரவில் முடிக்கப்பட்டது. உயர் நீதிமன்ற உத்தரவைக் காட்டி போலீஸ் அவர்களைக் கைது செய்து பேருந்துகளில் ஏற்றியது. மறுநாளே தூய்மைப் பணியாளர்களுக்கு இலவச உணவு, காப்பீடு என்று நலத்திட்ட அறிவிப்புகள் வந்தன. தீர்மானத்தை ரத்து செய்யக் கோரிய வழக்கில் நீதிமன்றம் ரத்து செய்ய மறுத்தது. கடைசியாக வாங்கிய சம்பளம் குறையக் கூடாது என்று மட்டும் சொன்னது.

வேலை கேட்டவர்களுக்குச் சோறு கிடைத்தது. சோறு வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கேட்டது அது இல்லை.

அஜெண்டாவில் ஒரு வரி

மாமன்றக் கூட்டத்தைப் பார்வையாளர் மாடத்திலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். கேள்வி நேரத்தில் தெருவிளக்கு, கொசு, நாய் பற்றிக் காரசாரமாகப் பேச்சு நடக்கும். பிறகு தீர்மானங்கள் வரும். பல கோடி ரூபாய் டெண்டர்கள் எல்லாம் ஒரே மூச்சில் ‘நிறைவேற்றப்பட்டது’ ஆகிவிடும். நம் தெருவின் தலையெழுத்து அந்தச் சில நிமிடங்களில் போய்விடுகிறது. அது ‘திடக்கழிவு மேலாண்மைப் பணியை மேற்கொள்ளுதல்’ என்று எழுதப்பட்டிருக்கும். அந்த வரியில் ‘இரண்டாயிரம் பெண்களின் வேலை’ என்று எங்கேயும் இருக்காது. அதைப் படித்துப் புரிந்துகொள்ள ஆள் வேண்டும். நம் பக்கத்தில் அந்த ஆள் இல்லை.

நகராட்சித் தீர்மானத்தை நம் வரலாறு சாதாரணமாக எடுத்துக்கொண்டதில்லை. மகாத் நகராட்சி 1924இல் சவுதார் குளத்தை எல்லோருக்கும் திறந்துவிடுவதாகத் தீர்மானம் போட்டது. தீர்மானம் காகிதத்தில் கிடந்தது, தண்ணீரை யாரும் தொட முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று பாபாசாகேப் ஆயிரக்கணக்கானவர்களோடு நடந்துபோய்த் தண்ணீர் எடுத்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் நகராட்சி தன் தீர்மானத்தையே வாபஸ் வாங்கியது. பிறகு நீதிமன்றத்தில் பத்து ஆண்டுகள். 1937இல்தான் பம்பாய் உயர் நீதிமன்றம் நம் பக்கம் தீர்ப்புச் சொன்னது. நமக்குச் சாதகமான தீர்மானத்தை நடைமுறைக்குக் கொண்டுவரவும் போராட வேண்டும், பாதகமான தீர்மானம் வரும்போது முன்கூட்டியே தடுக்கவும் போராட வேண்டும். பாபாசாகேப் இரண்டையும் செய்தார். நாம் இரண்டாவதில் எப்போதும் இரண்டு மாதம் தாமதமாக வருகிறோம்.

நாற்காலி கிடைத்தது, பிறகு?

200 வார்டுகளில் 32 பட்டியல் சமூகத்தினருக்கு ஒதுக்கப்பட்டவை, அதில் பாதி பெண்களுக்கு. 2022இல் மேயர் பதவியும் பட்டியல் சமூகப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டு, 28 வயதில் ஆர். பிரியா சென்னையின் முதல் தலித் பெண் மேயரானார். 1937இல் ஜெ. சிவசண்முகம் பிள்ளையும் 1945இல் என். சிவராஜும் உட்கார்ந்த நாற்காலி அது. மேலவளவில் ஊராட்சித் தலைவர் பதவிக்காக 1997இல் முருகேசனையும் உடனிருந்தவர்களையும் வெட்டிக் கொன்ற மாநிலத்தில், இந்த நாற்காலிகளை ஏளனமாகப் பேசுகிறவன் நானில்லை.

‘தலித் மேயர் இருந்தும் தலித்துகளை விரட்டினார்களே’ என்று ஆகஸ்டில் சிலர் நக்கலாக எழுதினார்கள். அந்த நக்கலில் எனக்கு உடன்பாடில்லை. மாநகராட்சியின் நிர்வாக அதிகாரம் அரசு நியமிக்கும் ஆணையர் கையில் இருக்கிறது. பெரிய ஒப்பந்தங்களின் திசை கோட்டையில் முடிவாகிறது. மாமன்றத்தில் கட்சிக் கொறடா சொன்னபடி கை உயர்கிறது. இதையெல்லாம் விட்டுவிட்டு ஒரு பெண்ணின் சாதியை மட்டும் சுட்டிக் கேட்பது வசதியான கேள்வி. அதற்காக, நம் பிரதிநிதிகள் கை தூக்கியதற்குப் பொறுப்பில்லை என்றும் ஆகிவிடாது. தனித்தொகுதிக் கவுன்சிலரை அவருடைய கட்சி மாதம் ஒருமுறை கூப்பிட்டுப் பேசுகிறது. நாம் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பேசுகிறோம். அவர் யார் பேச்சைக் கேட்பார்?

நம் பக்கத்திலிருந்தே வந்த வாதம்

இதில் ஒரு வாதத்தைத் தவிர்த்துவிட்டுப் போக முடியாது. ‘குப்பை அள்ளும் வேலையை நிரந்தரமாக்கு என்று கேட்பது, நம் மக்களை அதே தொழிலில் கட்டிப் போடுவதாகாதா? இதிலிருந்து வெளியேறுவதுதானே விடுதலை?’ என்ற கேள்வி நம் தலைவர்கள் மட்டத்திலிருந்தே வந்தது. கேள்வி நியாயமானது. சாதித்தொழிலிலிருந்து வெளியேற வேண்டும் என்பதில் நமக்குள் இரண்டு கருத்து இல்லை.

ஆனால் தனியார்மயம் யாரை வெளியேற்றியது? 2000ஆம் ஆண்டிலிருந்து சென்னையில் கம்பெனிகள் மாறி மாறி வந்தன. சீருடையின் நிறம் மாறியது, வண்டி மாறியது. அள்ளுகிறவர்களின் சாதி மாறவில்லை. மாறிய ஒன்று, அவர்களின் பணிக்காலக் கணக்கு. தமிழ்நாட்டில் 1981ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. 24 மாதங்களில் 480 நாட்கள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது. முதலாளி மாறும்போதெல்லாம் அந்தக் கணக்கு குழம்பிப் போகிறது. பத்து வருடம் உழைத்தவர் மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

அம்மாவுக்கு நிரந்தர வேலையும் பி.எஃபும் பென்ஷனும் இருந்தால் மகள் கல்லூரிக்குப் போவாள், வேறு வேலைக்குப் போவாள். அம்மாவின் சம்பளம் ஆறாயிரம் குறைந்தால் மகள் பன்னிரண்டாம் வகுப்போடு நின்று, அதே வண்டியைத் தள்ள வருவாள். வெளியேறும் வழி நிரந்தரப் பணி வழியாகத்தான் போகிறது. உங்களில் எத்தனை பேர் அப்படிப்பட்ட ஒரு சம்பளத்தில் படித்து வந்தவர்கள் என்று எனக்குத் தெரியும்.

அடுத்து எதைக் கவனிக்க வேண்டும்?

முதலாவது, குப்பை ஒப்பந்தங்கள். எந்த மண்டலத்தின் பெயர் ‘திடக்கழிவு’ என்ற சொல்லோடு சேர்ந்து அஜெண்டாவில் வந்தாலும், அதில் இப்போது வேலை செய்கிறவர்களின் நிலை என்ன என்று கேட்க வேண்டும். கூட்டத்துக்கு முன்பே கேட்க வேண்டும்.

இரண்டாவது, கொடுங்கையூர். நகரத்தின் குப்பையைப் பல பத்தாண்டுகளாகச் சுமக்கும் இடத்தில் இப்போது எரிஉலை வைத்து மின்சாரம் எடுக்கப் போகிறார்களாம். எண்ணூரின் அனல்மின் நிலையங்களும் மணலியின் சுத்திகரிப்பு ஆலையும் ஏற்கெனவே வடசென்னையின் நுரையீரலில் இருக்கின்றன. 2025 மே மாதம் வடசென்னை மக்கள் மனிதச் சங்கிலியாக நின்று இதை எதிர்த்தார்கள். மயிலாப்பூரிலோ அடையாறிலோ இப்படி ஓர் உலையை வைக்க யாராவது வாய் திறப்பார்களா? எதற்கு எந்த இடம் என்று தீர்மானிப்பதில் சாதி இருக்கிறது. ஊருக்கு வெளியே சேரி, நகரத்துக்கு வடக்கே குப்பை.

மூன்றாவது, ஆற்றங்கரைக் குடியிருப்புகள். வெளியேற்றத்தை மாமன்றம் மட்டும் முடிவு செய்வதில்லை; நீர்வளத் துறை, நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பல கைகள் உண்டு. ஆனால் கணக்கெடுப்பு, பூங்கா, கரையோரச் சாலை என்று மாநகராட்சியின் பங்கும் அதில் இருக்கிறது. இங்கே பலர் கவனிக்காத ஒன்றைச் சொல்கிறேன். கூவம் கரையிலிருந்து பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டவர்கள் வீட்டை மட்டும் இழக்கவில்லை. பெரும்பாக்கம் மாநகராட்சிக்கு வெளியே இருக்கும் ஊராட்சி. தங்களை வெளியேற்றிய நகரத்தின் மாமன்றத்தில் ஓட்டுப் போடும் உரிமையையும் சேர்த்து இழந்தார்கள். கண்ணகி நகரும் 2011இல் எல்லை விரிவாகும்வரை அப்படித்தான் இருந்தது. அவர்கள் பிழைப்புக்குத் தினமும் வந்து போகும் நகரத்தில் அவர்களுக்குக் கவுன்சிலர் கிடையாது.

என்ன செய்யலாம்?

பெரிய திட்டம் ஒன்றும் சொல்லப் போவதில்லை. உங்கள் தெருவில் மூன்று பேர் போதும்.

ஒருவர் மாமன்றக் கூட்டத்தின் பொருள் பட்டியலையும் தீர்மானங்களையும் மாதாமாதம் வாங்கிப் படிக்கட்டும். கவுன்சிலரிடம் கேளுங்கள், அவரிடம் பிரதி இருக்கும். கொடுக்க மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாளில் பதில் தர வேண்டும். ஒப்பந்தத்தின் நகலையும் கேளுங்கள். அதில் தொழிலாளர் சம்பளம் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

இன்னொருவர் அதைத் தெருவில் போய்ச் சொல்லட்டும். தூய்மைப் பணியாளர் அக்காக்கள் காலை ஐந்தரை மணிக்கு வருகைப் பதிவுக்குக் கூடும் இடம் உங்களுக்குத் தெரியும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாது, நேரில் போய் வாசித்துக் காட்டுங்கள்.

மூன்றாமவர் பகுதி சபைக்குப் போகட்டும். கிராமத்துக்குக் கிராம சபை போல நகரத்துக்குப் பகுதி சபை உண்டு. 2022இல் விதிகள் வந்தன, சென்னையில் ஒவ்வொரு வார்டும் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. பகுதிப் பிரதிநிதிகளைப் பெரும்பாலும் கவுன்சிலரே தன் ஆட்களாகப் பார்த்துப் போட்டுவிடுகிறார், பல இடங்களில் கூட்டம் புகைப்படத்துக்காக நடக்கிறது என்பதெல்லாம் உண்மை. ஆனால் அந்தப் பகுதியின் வாக்காளர் யாராக இருந்தாலும் அங்கே போய்ப் பேசலாம். ‘எங்கள் மண்டலத்தில் துப்புரவுப் பணியைத் தனியாருக்கு விடாதே’ என்று அங்கே எழுத்தில் பதிவு செய்யுங்கள். அது ஒன்றே எதையும் தடுத்துவிடாது. ஆனால் நாளை நீதிமன்றத்தில், ‘மக்கள் யாரும் ஆட்சேபிக்கவில்லை’ என்று அவர்கள் சொல்ல முடியாது.

பகுதி சபை ஆண்டுக்குக் குறைந்தது நான்கு முறை கூட வேண்டும் என்று தேதி குறித்திருக்கிறார்கள்: ஜனவரி 25, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10. இரண்டாவது தேதியை இன்னொரு முறை பாருங்கள். அன்று நாம் காலையில் சிலைக்கு மாலை போடுவோம், நீலக்கொடியோடு ஊர்வலம் போவோம், மாலையில் பொதுக்கூட்டம் நடத்துவோம். அதே நாளில் நம் வார்டில் ஒரு ஷாமியானாவுக்குக் கீழே இருபது நாற்காலி போட்டு, பத்துப் பேர் உட்கார்ந்து, நம் தெருவைப் பற்றிப் பேசிவிட்டு டீ குடித்துக் கலைகிறார்கள்.

அடுத்த ஏப்ரல் 14 அன்று மாலை போட்ட கையோடு நேராக அங்கே போவோம். கொடியையும் கொண்டு போவோம். கையில் ஒரு மனுவும் இருக்கட்டும்.

அந்த மாணவர் இப்போது தன் வார்டின் தீர்மானங்களைப் படிக்கத் தொடங்கியிருக்கிறார். புரியாத இடங்களில் எனக்குப் போன் செய்கிறார். பாதிக்கு மேல் எனக்கும் புரிவதில்லை. இருவரும் சேர்ந்து படித்துக்கொண்டிருக்கிறோம்.

ஜெய்பீம்.