வாசல் ஊரைத் தேடுவோரின் கோரிக்கைச் சாசனம்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், கனடா எல்லையை ஒட்டிச் சுமார் 11 லட்சம் ஏக்கரில் விரிந்து கிடக்கிறது பவுண்டரி வாட்டர்ஸ் கேனோ வனப்பகுதி. உள்ளே ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகள். 1964-ஆம் ஆண்டின் வனப்பகுதிச் சட்டமும் 1978-இல் இதற்கென்றே வந்த தனிச் சட்டமும் இதைக் காத்து நிற்கின்றன. ஓர் ஏரியிலிருந்து அடுத்த ஏரிக்குப் போக, பல இடங்களில் கேனோ எனும் சிறு துடுப்புப் படகைத் தோளில் சுமந்து ஒற்றையடிப் பாதையில் நடக்க வேண்டும். கைபேசியை நம்ப முடியாது.

ஊர்கள் காட்டின் விளிம்பில்தான் இருக்கின்றன. மேற்கே, இரும்புச் சுரங்கங்களால் வளர்ந்த ஈலி. கிழக்கே, சுப்பீரியர் ஏரிக்கரையில் கிராண்ட் மரே. அங்கிருந்து 57 மைல் ஓடி முடிகிறது கன்ஃபிளிண்ட் சாலை. இரண்டு ஊர்களுக்கும் இடையே, அதே சுப்பீரியர் கரையில் டாஃப்டி. அங்கிருந்து சாபில் ஏரிக்கு 24 மைல். எல்லைக்கு அப்பால், குவெட்டிகோ பூங்காவுக்கு வாசலாகக் கனடாவின் அட்டிகோகன்.

எந்த ஊர் வழியாகப் போவது என்பதில் செய்யும் பிழை முழுப் பயணத்தையும் கெடுத்துவிடும். எங்களில் ஒரு குடும்பத்துக்கு அது நேர்ந்தது. அவர்களிடம் இருந்தது சாபில் ஏரிக்கான நுழைவுச் சீட்டு. அறை கிடைத்ததோ ஈலியில். முன்பதிவு செய்துகொடுத்தவர் வரைபடத்தில் விரல் வைத்து, “பக்கம்தான்” என்றார். வரைபடத்தில் பக்கம்தான். ஆனால் நடுவில் காடு. குறுக்கே நேரான சாலை இல்லை. சுப்பீரியர் கரைவரை இறங்கி, கரையோரமாகக் கிழக்கே போய், மறுபடி வடக்கே ஏற ஏறத்தாழ மூன்று மணி நேரம் பிடித்தது. பிற்பகலில் துடுப்பைத் தொட்டார்கள். வழியில் நான்கு முகாமிடங்களிலும் ஆள் இருந்தது. ஐந்தாவது கிடைத்தபோது இருட்டிவிட்டது. பன்னிரண்டு வயது மகள் கைவிளக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு கூடாரக் கம்பிகளைக் கோத்தாள்.

இன்னொரு குடும்பத்துக்கு இது நேரக் கூடாது என்பதற்காக, வாசல் ஊர்களின் சுற்றுலா அலுவலகங்கள், கேனோ வாடகைக் கடைகள், வனத்துறை ஆகியோர் முன் இந்தக் கோரிக்கைகளை வைக்கிறோம்.

1. நுழைவிடத்தைக் கேட்டுவிட்டு ஊரைச் சொல்லுங்கள். மே 1 முதல் செப்டம்பர் 30 வரை ஒவ்வொரு நுழைவிடத்துக்கும் நாளொன்றுக்கு இத்தனை குழு என்று வரம்பு உண்டு. இரவு தங்கப் போகிறவர் சீட்டில் எழுதிய நாளில், எழுதிய இடத்தில்தான் நுழைய வேண்டும். ஆகவே “எங்கள் ஊருக்கு வாருங்கள்” என்பதற்கு முன், “எந்த ஏரிக்குச் சீட்டு?” என்று கேட்பது கடமையாக வேண்டும்.

2. தொலைவைச் சாலைக் கணக்கில் தாருங்கள். ஒவ்வொரு ஊரிலிருந்தும் ஒவ்வொரு நுழைவிடத்துக்கும் எத்தனை மைல், எவ்வளவு நேரம், அதில் எவ்வளவு மண்சாலை என்ற பட்டியல் ஒவ்வொரு கடை வாசலிலும் தொங்க வேண்டும்.

3. சுமையை மறைக்காதீர்கள். கேனோவைத் தூக்கி நடக்கும் பாதையின் நீளத்தை இங்கே ‘ராட்’ என்ற அளவில் சொல்கிறார்கள். ஒரு ராட் பதினாறரை அடி. கிட்டத்தட்ட ஒரு கேனோவின் நீளம். 80 ராட் என்றால் கால் மைல். ஈரப் பாறையில், தலைக்கு மேல் கேனோவைக் கவிழ்த்துக்கொண்டு, முன்னால் நாலடி மட்டுமே தெரிய நடக்கிறவருக்கு அந்தக் கால் மைல் மிக நீளம். கெவ்லர் கேனோ சுமார் 19 கிலோ. அலுமினியம் 30 கிலோவைத் தாண்டும். எடையைக் கேனோவின் மேலேயே எழுதி ஒட்டுங்கள்.

4. வண்டிக் கட்டணத்தை வெளிப்படையாக வையுங்கள். ஓரிடத்தில் இறங்கி வேறிடத்தில் கரையேறுவோருக்குக் கடை வண்டியை விட்டால் வேறு துணை இல்லை.

5. சீட்டு கொடுக்கும்போது பேசுங்கள். விதிகளைச் சொல்லும் காணொளி நல்லது. அது மட்டும் போதாது. அன்றைய காற்று, நெருப்புத் தடை, கரடி நடமாட்டம், பனிக்கட்டி உருகிய மே மாதத் தண்ணீரின் குளிர் ஆகியவற்றை ஒரு மனிதர் நேரில் சொல்ல வேண்டும். முதல்முறை வருகிறவருக்குப் பெரிய ஏரி வேண்டாம் என்றால், வாடகை போனாலும் அதைச் சொல்லுங்கள்.

6. எல்லை தாண்டுவோரை எச்சரியுங்கள். குவெட்டிகோவுக்குத் தனி அனுமதி, தனி எல்லை நடைமுறை. இதைக் கரையில் சொல்லிப் பயனில்லை. முன்பதிவின்போதே சொல்ல வேண்டும்.

7. இது யாருடைய நீர் என்பதைச் சொல்லுங்கள். இது பூர்வகுடிகளான அனிஷினாபே மக்களின் மண். 1854-ஆம் ஆண்டு உடன்படிக்கையில் நிலத்தை விட்டுக்கொடுத்தபோதும், வேட்டையாடவும் மீன்பிடிக்கவுமான உரிமையை அவர்கள் விடவில்லை. ஹெக்மன் ஏரியின் பாறை ஓவியங்களுக்கு வழி சொல்லும் ஒவ்வொருவரும் இதையும், ஓவியத்தைத் தொடக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கேட்பதற்கு உரிமை உள்ள நாங்கள் கொடுக்கவும் கடமைப்பட்டவர்கள். ஒரு குழுவில் 9 பேர், 4 படகு என்ற வரம்பை மீற மாட்டோம். தகர டப்பாவும் கண்ணாடிப் புட்டியும் கொண்டுபோக மாட்டோம். வர முடியாது என்று தெரிந்த அன்றே சீட்டை ரத்து செய்வோம். பயன்படாமல் கிடக்கும் ஒவ்வொரு சீட்டும் இன்னொருவர் இழந்த பயணம். எந்த ஊர் எங்களுக்கு வாசல் திறந்ததோ, அந்த ஊரிலேயே ரொட்டியும் மளிகையும் வாங்குவோம்.

அடுத்த கோடையில் கேனோ எடுக்க நினைக்கும் தோழர்களே, முதலில் ஏரியைத் தேர்ந்தெடுங்கள், அடுத்து சீட்டு, அதற்கும் பிறகே ஊர். முன்பதிவுக்குப் பணம் கட்டுமுன், “இங்கிருந்து என் நுழைவிடத்துக்குச் சாலையில் எவ்வளவு நேரம்?” என்று கேளுங்கள். நேரான பதில் சொல்லும் ஊரே உங்கள் வாசல் ஊர்.