மலையாளியும் மூவெழுத்துக் குறியும்

உலக மொழிகளுக்கெல்லாம் உரோமன் எழுத்தால் சுருக்கக் குறிகள் வகுக்கப்பட்டுள்ளன. தமிழுக்கு ஈரெழுத்தாயின் 'டி-ஏ', மூவெழுத்தாயின் 'டி-ஏ-எம்'. 1967-இல் உலகத் தர அமைப்பின் பரிந்துரையாகத் தோன்றிய இம்முறை, 2007-இல் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட மொழிகளைத் தழுவி விரிந்தது. நாடுகளுக்கும் 1974 முதல் இவ்வாறே குறிகள் உள. இந்தியா 'ஐ-என்', இலங்கை 'எல்-கே', சிங்கப்பூர் 'எஸ்-ஜி'. மொழிக்குறியோடு நாட்டுக்குறியைச் சேர்த்தெழுதின், இஃது எந்நாட்டுத் தமிழ் என்பதைக் கணிப்பொறி பிரித்தறியும். இவை நூலகத்தார்க்கும் பொறியியலார்க்கும் உரிய செய்திகள், தமிழ் மாணவர்க்கு இவற்றால் ஆவதென்னை என்று நண்பர் சிலர் வினவக்கூடும்.

களமருதூர் முதலிய எம் சமவெளி ஊர்களுக்கு மேற்கே நெடுந்தொலைவில் நிற்பது கல்வராயன் மலை. 2019-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. மலையின் கிழக்குப் பகுதி அதனைச் சார்ந்தது, மேற்குப் பகுதி சேலத்தைச் சார்ந்தது. ஆண்டு வாழும் பழங்குடியினரை அரசாங்கத்தார் பட்டியல் 'மலையாளி' என்றே வழங்குகிறது. மலையை ஆள்வோர் என்பது பொருள். அவர்தம் முன்னோர் காஞ்சியிலிருந்து மலையேறினர் என்பது வழிவழி வந்த கதை. அவர்கள் பேசுவது தமிழ். மலையாளத்தின் குறியோ 'எம்-ஏ-எல்'. மலையையே காணாத எழுத்தர் ஒருவர், பெயரை மட்டும் பார்த்து, அவர்தம் பாட்டையும் கதையையும் பதிந்த நாடாவிற்கு அக்குறியை இட்டுவிடின், அது சேரநாட்டுப் பேழையிற் போய் ஒளிந்துகொள்ளும். தமிழில் தேடுவோர்க்கு அது கிட்டுவதில்லை. பெயரை நம்பிக் குறியிடுதல் கூடாது. பேச்சைக் கேட்டே இடல் வேண்டும்.

அங்ஙனமாயின், நீலகிரியில் தோடர்க்கும் கோத்தர்க்கும் படகர்க்கும் தனித்தனி மூவெழுத்துக் குறிகள் இருப்பதுபோல் கல்வராயனார்க்கும் ஒன்று வேண்டாவோ? வேண்டா என்பதே என் கருத்து. தோடமும் கோத்தமும் வேறு மொழிகள். இவர்களைத் தமிழினின்று பிரித்தெடுத்தல் இவர்க்கு மதிப்பும் ஆகாது, உண்மையும் ஆகாது. ஆனால் 'டி-ஏ' என்றதோடு நிறுத்திவிடுதலும் தகாது. இன்று கணிப்பொறிக்குப் பேச்சுத்தமிழ் பயிற்றுவோர் பலர். நகரத்தார் குரலே அதிற் பெரும்பாலும் நிறைந்திருப்பின், வெள்ளிமலைக் கிழவியின் சொல்லை அப்பொறி பிழையென்று திருத்தும்!

இதற்கு வழி உண்டு. மொழிக்குறியின் பின் கிளைவழக்கிற்கு ஓர் உட்குறி சேர்க்க இணைய நெறிகள் இடந்தருகின்றன. அதனைப் பதிவுசெய்ய யாரும் விண்ணப்பிக்கலாம். இத்தாலி நாட்டு மலைப் பள்ளத்தாக்கொன்றில் வாழும் ரெசியார், சுலோவேனிய மொழிக்குறியின் பின் 'ரோஸாய்' என்னும் ஐந்தெழுத்து உட்குறி உடையவராயினர். அவரினும் கல்வராயனார் சிறு கூட்டத்தாரல்லர்.

முதற்கண் வேண்டுவது பதிவு. சொல், பழமொழி, தாலாட்டு, ஏர்ப்பாட்டு யாவும் பேசுவோர் இசைவுடன் தொகுக்கப்படல் வேண்டும். நம் தமிழ்த்துறை மாணவர் ஒரு கோடை விடுமுறையில் இதனைத் தொடங்கலாகும். உட்குறியோ எழுத்தால் தொடங்குமாயின் ஐந்திற் குறையாமலும் எட்டின் மிகாமலும் அமைதல் வேண்டும் என்பது விதி. 'மலையாளி' என்பதைச் சுருக்கின் மீண்டும் அதே மயக்கம். ஆதலின் எச்சொல்லை இடுவதென்று வெள்ளிமலையாரையும் கருமந்துறையாரையும் கேட்டறிந்த பின்னரே விண்ணப்பம் எழுதப்படல் வேண்டும்.