முகம் திருப்பிய மாணவர்கள்

உங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு குரூப் போட்டோ மாட்டியிருக்கிறதல்லவா? அதில் யாராவது ஒருவர் காமிராவைப் பாராமல் எங்கேயோ பார்த்துக்கொண்டு நிற்பார். "போட்டோவையே கெடுத்துவிட்டானே!" என்று இன்றைக்கும் அவரைத் திட்டுவீர்கள். ஆனால் 1918-ம் வருஷ ஆரம்பத்தில், அமெரிக்காவில் இல்லினாய் மாகாணத்து அரோரா நகரில் எடுத்த ஒரு போட்டோவில் பலர் வேண்டுமென்றே முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறார்கள்!

அவர்களில் பெரும்பாலோர் ராணுவ அதிகாரிகள். எதிரிகளின் ரகசியத் தந்திகளை உடைத்துப் படிக்கக் கற்றுக்கொண்ட மாணவர்கள். கற்றுக்கொடுத்தவர்கள் வில்லியம் ஃபிரீட்மன், எலிசபெத் என்ற இளம் தம்பதிகள்.

இவர்களுக்கு இந்த வித்தை எப்படி வந்தது தெரியுமா? ஷேக்ஸ்பியர் வழியாக! ரிவர்பாங்க் என்ற இடத்தில் ஃபேபியன் என்று ஒரு சீமான். அவருடைய ஆதரவில் ஒரு மாது, பூதக்கண்ணாடியும் கையுமாக, 1623-ல் அச்சான ஷேக்ஸ்பியர் நாடகப் புத்தகத்தை ஆராய்ந்து கொண்டிருந்தார். அந்தக் கவிதையை எல்லாம் எழுதியவர் பிரான்சிஸ் பேக்கன்தான், சாய்வெழுத்துக்களுக்குள் தம் ரகசியத்தை ஒளித்து வைத்திருக்கிறார் என்பது அந்த அம்மாளின் கட்சி. இலக்கியம் படித்த எலிசபெத் 1916-ல் அவருக்கு உதவிக்கு வந்தார். விதை ஆராய்ச்சிக்கு வந்த வில்லியம், போட்டோக் கலை தெரிந்தவர் என்பதால் அந்த எழுத்துக்களைப் பெரிதாக்கிக் கொடுத்தார். அப்புறம் என்ன, 1917-ல் கல்யாணம்!

பேக்கனுடைய சங்கேதம் சுலபமானது. இரண்டு தினுசு எழுத்து இருந்தால் போதும். ஐந்தைந்தாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஐந்தும் முதல் தினுசானால் 'ஏ'. ஐந்தாவது மட்டும் மாறினால் 'பி'. இப்படியே மேலே போகும்.

ஆனால் அந்த மாதுவின் கண்ணுக்குத் தெரிந்த வித்தியாசம் எலிசபெத்தின் கண்ணுக்குத் தெரியவே இல்லை. சம்பளம் கொடுக்கிறவர் முன்னால் "எனக்குத் தெரியவில்லை" என்று சொல்வது லேசா, சகோதரிகளே? தம்பதிகள் சொன்னார்கள். ஷேக்ஸ்பியரில் அப்படி ஒரு சங்கேதமும் இல்லை என்று 1957-ல் புத்தகமே வெளியிட்டார்கள்.

சங்கேதத்தின் மேல் மட்டும் ஆசை விடவில்லை. மாணவர்களை நிறுத்தி அந்தப் போட்டோவை எடுத்தார்களே, அதில் நேரே பார்ப்பவர் ஒரு தினுசு, திரும்பியவர் மறு தினுசு. 'அறிவே ஆற்றல்' என்ற பேக்கனின் வாக்கு, இங்கிலீஷில் பதினாறு எழுத்து. எண்பது பேர் வேண்டும். ஆள் போதாமல் கடைசி எழுத்து அரைகுறையாக நின்றுவிட்டது. போதாக்குறைக்கு ஒரு சிப்பாய் தப்பான பக்கம் பார்த்துவிட்டார். (எந்தப் போட்டோவிலும் அப்படி ஒருவர் உண்டு போலும்!)

அந்தப் படத்தை ஃபிரீட்மன் தம் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தார். 1969-ல் அவர் காலமானார். ஆர்லிங்டனில் உள்ள அவர் கல்லறைக்கு எலிசபெத் அதே வாக்கியத்தையே பொறிக்கச் செய்தார். எழுத்துக்கள் சாதாரணமாகத்தான் தோன்றும். உற்றுப் பார்த்தால் சிலவற்றுக்கு முனையில் சிறு கொக்கி உண்டு, சிலவற்றுக்கு இல்லை. ஐந்தைந்தாகப் பிரித்துப் படித்தால் கணவரின் தலைப்பெழுத்துக்கள் மூன்றும் வந்துவிடுகின்றன. எலிசபெத் 1980-ல் மறைந்து நெடுங்காலம் கழித்தே அதை ஒருவர் கண்டுபிடித்தார்.