வாசலில் மும்மொழி, மாடியில் ஒரு மொழி

அரச கட்டடங்களின் முகப்புப் பலகையைக் காட்டி, "மூன்று மொழிகளும் இருக்கின்றனவே, இன்னும் என்ன குறை?" என்று கேட்கும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். தயவுசெய்து உள்ளே சென்று இரண்டு மாடி ஏறிப் பாருங்கள்.

சில வாரங்களுக்கு முன்னர் கொழும்பை அண்டிய அலுவலகத் தொகுதி ஒன்றுக்குப் போகவேண்டி வந்தது. பல திணைக்களங்கள் ஒரே கூரையின்கீழ் இயங்கும் கட்டடம் அது. வாசலில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் பித்தளையில் மின்னின. மின்தூக்கியை விட்டு இறங்கினால் இடப்புறம் ஒரு தாழ்வாரம், வலப்புறம் ஒரு தாழ்வாரம். எந்தப் பக்கம் திரும்புவது என்று சொல்லும் பலகை எதுவும் இல்லை. சுவரில் ஒரு வெள்ளைத்தாள் மட்டும் ஒட்டப்பட்டிருந்தது. அதில் நீல மையில் சிங்களத்தில் நான்கு வரியும் ஓர் அம்புக்குறியும் இருந்தன.

அந்தத் தாளின் முன்னால் ஒரு மூதாட்டி நின்றிருந்தார். கிளிநொச்சியிலிருந்து இரவு பஸ்ஸில் வந்தவர். "ஐயா, இதிலை என்ன எழுதிக் கிடக்கு?" என்று கேட்டார். அரைகுறையாக வாசித்துச் சொன்னேன். அதற்கு முன்பே அவர் மூன்று மாடிகள் அலைந்திருந்தார். காவலாளி "உட, உட" என்று மேலே கை காட்டியிருக்கிறார். நாங்கள் உரிய கருமபீடத்தைக் கண்டடைந்தபோது அன்றைய இலக்கங்கள் கொடுத்து முடிந்துவிட்டன. நாளைக்கு வரச் சொன்னார்கள். கொழும்பில் தங்குவதற்கு அவருக்கு யாருமில்லை.

1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. 1991 இல் அரச கரும மொழிகள் ஆணைக்குழுவுக்கான சட்டம் வந்தது. இவை யாவும் வாசற்பலகையோடு நின்றுவிடுகின்றன. ஏனெனில் அமைச்சர் நாடா வெட்டுவது வாசலில். படம் பிடிப்பதும் அங்கேதான்.

உள்ளே தமிழ் இருக்கும் இடங்களிலோ வேறு கதை. பேருந்து ஆசனத்துக்கு மேலே "கர்ப்பிணித் தாய்மார்" என்று எழுத வேண்டிய இடத்தில் "நாய்மார்" என்று எழுதியிருந்த படம் உலகெங்கும் சுற்றியதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பலரும் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. 2021 மே மாதத்தில் சட்டமா அதிபர் திணைக்களத்தின் நூலகத்தில் திறக்கப்பட்ட நினைவுப்பலகையில் சிங்களமும் ஆங்கிலமும் சீனமும் இருந்தன; தமிழ் இல்லை. கண்டனம் எழுந்த பின்னரே அதனை அகற்றினார்கள். நாட்டின் சட்டத்துக்கு விளக்கம் சொல்லும் இடத்திலேயே இப்படியென்றால் மற்ற இடங்களைப் பற்றி என்ன சொல்வது?

கேட்டால் "மொழிபெயர்ப்பாளரின் தவறு" என்பார்கள். இதனை நான் ஏற்கமாட்டேன். தவறு வேலையின் ஒழுங்கிலேயே இருக்கிறது. வடிவமைப்பாளர் முதலில் ஆங்கிலத்தை வைத்துப் பலகையின் அளவைத் தீர்மானிக்கிறார். பிறகு சிங்களம். மிஞ்சிய ஓரத்துக்குள் "மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம்" என்ற நீண்ட பெயரைத் திணிக்க வேண்டும். எழுத்து சுருங்கிச் சுருங்கிப் பத்தடி தூரத்தில் பூச்சியாகிவிடுகிறது. அச்சுக்குப் போகும் மென்பொருளில் இந்திய எழுத்துகளுக்கான வசதி இயக்கப்படாவிட்டால், எழுத்துக்கு முன்னால் நிற்கவேண்டிய கொம்பு பின்னால் போய் நிற்கும். ஒரு தமிழர் ஒரு நிமிடம் பார்த்திருந்தால் பிடித்திருக்கக்கூடிய பிழை. ஆனால் பலகைக்குப் பணம் கொடுப்பதற்கு முன்னர் எந்தத் தமிழரையும் அழைத்துக் காட்டுவதில்லை.

"படம் போட்டால் போதாதா?" என்று சிலர் கேட்கிறார்கள். கழிப்பறைக்குப் போதும். ஓடும் மனிதனின் உருவம் அவசர வழியைச் சொல்லும். ஜப்பானியர் யூகியோ ஓட்டாவின் அந்த வடிவம் உலகெங்கும் பரவியிருக்கிறது. காணிப் பதிவுக்கும் ஓய்வூதியத்துக்கும் என்ன படம் வரைவது? அவற்றுக்குச் சொல் வேண்டும். கூடவே பெரிய இலக்கமும் வேண்டும். 1, 2, 3 என்பவை மூன்று மொழியினருக்கும் பொதுவானவை. 214 ஆம் அறை என்று கடிதத்திலும் அச்சடித்து, தாழ்வாரம் பிரியும் இடத்திலும் எழுதினால் பாதி அலைச்சல் தீரும். அறைக் கதவில் மாட்டும் பலகை, வந்து சேர்ந்தவனுக்கு. வழி தேடுபவனுக்கு வேண்டியது பிரியும் இடத்துப் பலகை. ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோல் விமான நிலையத்தில் 1967 இலேயே இதையெல்லாம் யோசித்து மஞ்சள் பலகைகளை மாட்டினார்கள். நமக்கு அறுபது ஆண்டுகள் போதவில்லை போலும்.

தனியாரும் உத்தமர்கள் அல்லர். மேசைகளை வாடகைக்கு விடும் பகிர்வு அலுவலகங்கள் இரண்டைக் கொழும்பில் பார்த்தேன். கூட்ட அறைகளுக்குப் பறவைகளின் பெயர், எல்லாம் ஆங்கிலம். தீ மூண்டால் எங்கே கூடுவது என்ற அறிவித்தலும் ஆங்கிலத்தில் மட்டும். அங்கே தரை துடைத்துக்கொண்டிருந்த பெண் ஹட்டன் பக்கத்தவர். அந்தப் பலகையில் என்ன இருக்கிறதென்று கேட்டேன். "தெரியாதுங்க ஐயா" என்றார்.

செலவைக் காரணம் காட்டவேண்டாம். பலகை எப்படியும் மாட்டத்தான் போகிறார்கள். கேள்விப்பத்திரத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும்: சிங்களமும் ஆங்கிலமும் தெரியாத, அந்தக் கட்டடத்தை முன்பின் பார்த்திராத ஒருவர் எவரையும் கேளாமல் வாசலிலிருந்து கருமபீடம்வரை நடந்து காட்டிய பின்னரே ஒப்பந்தக்காரருக்கு இறுதிக் கொடுப்பனவு.

சென்ற வாரம் அதே மாடிக்கு மீண்டும் போனேன். வெள்ளைத்தாள் அப்படியே இருந்தது. அதன்கீழே இன்னொரு தாள் ஒட்டியிருந்தார்கள். அதுவும் சிங்களத்தில்தான்.