இடக்கைப் பிள்ளையும் ஆட்டிசப் பயமும்

"பிள்ளை இடக்கையால எழுதுது. அது ஆட்டிசத்தின்ர அறிகுறியோ?"

பலெர்மோவில் எங்கட ஆட்கள் பள்ளிக்கூடத்துக்கோ மருத்துவரிடமோ போகும்போது மொழிபெயர்ப்புக்குக் கூடப் போய்வருவது என் வழக்கம். அதனால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது. ஜெர்மனியின் போகும் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கெடுத்த ஓர் ஆய்வு 2025இல் வெளியானது. அந்தச் செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றத் தொடங்கியபோது, தலைப்பு மட்டும்தான் எல்லோருக்கும் வந்து சேர்ந்தது: "இடக்கைப் பழக்கத்துக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு." மிச்சத்தைப் பெற்றோரின் பயம் எழுதிக்கொண்டது.

தொடர்பு இருக்கிறதா? இருக்கிறது. அதை மறைக்கத் தேவையில்லை. அந்த ஆய்வு முன்னர் செய்யப்பட்ட பல ஆய்வுகளைச் சேர்த்து, 2 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவுகளைப் பார்த்தது. ஆட்டிசம் உள்ளவர்கள் வலக்கையர் அல்லாதவர்களாக இருக்கும் வாய்ப்பு, மற்றவர்களைவிட ஏறத்தாழ மூன்றரை மடங்கு என்று கண்டது. இங்கே கவனிக்க வேண்டிய சொல் "வலக்கையர் அல்லாதவர்". இடக்கையர் மட்டுமல்ல, ஒரு வேலைக்கு ஒரு கை, இன்னொரு வேலைக்கு மற்றக் கை என்று மாற்றி மாற்றிப் பாவிப்பவர்களும் அதற்குள் வருகிறார்கள். வாட்ஸ்அப் தலைப்பில் இந்த இரண்டாவது கூட்டம் காணாமல் போய்விட்டது.

இனி ஒரு சின்னக் கணக்கு. இத்தாலியின் தேசிய சுகாதார நிறுவகம் 7 முதல் 9 வயதுப் பிள்ளைகளில் 77 பேருக்கு ஒருவர் ஆட்டிசம் உள்ளவர் என்று மதிப்பிடுகிறது. 1000 பிள்ளைகளை எடுத்தால் 13 பேர். உலகளவில் பத்தில் ஒருவர் இடக்கையர் என்பதால், அதே 1000 பேரில் இடக்கைப் பிள்ளைகள் 100 பேர். அந்த 13 பேரில் 4 பேர் இடக்கையர் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். அப்படியென்றாலும் 100 இடக்கைப் பிள்ளைகளில் 96 பேருக்கு ஆட்டிசம் இல்லை. ஆட்டிசம் உள்ள 13 பேரில் 9 பேர் இடக்கையர் இல்லை. கையை மட்டும் வைத்துப் பிள்ளையைக் கணிக்கப் போனால், 96 வீடுகளில் சும்மா பயத்தைக் கிளப்புவோம். உதவி தேவைப்படும் 9 பிள்ளைகளைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவோம்.

அப்படியானால் அந்தத் தொடர்பு எங்கிருந்து வருகிறது? மூளையின் இரண்டு பாதிகளும் வேலையைப் பிரித்துச் செய்கின்றன. பெரும்பாலானவர்களுக்குப் பேச்சும் மொழியும் இடது பாதியில். இடக்கையரிலும் பத்தில் ஏழு பேருக்கு அப்படித்தான். ஆட்டிசத்தில் இந்த வேலைப் பிரிப்பு சற்று வேறு விதமாக அமைகிறது என்றும், கைப்பழக்கம் சிலருக்கு ஒரு பக்கம் நிலைக்காமல் இருப்பது அதோடு சேர்ந்து வருவது என்றும் ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இடக்கை ஆட்டிசத்தைக் கொண்டுவருவதில்லை. அயர்லாந்துத் தீவின் பெல்ஃபாஸ்ட் நகரில் பீற்றர் ஹெப்பர் என்ற உளவியலாளர், வயிற்றில் இருக்கும் சிசு எந்தக் கைப் பெருவிரலைச் சூப்புகிறது என்று ஸ்கேனில் பார்த்தார். அதில் 75 பிள்ளைகளைப் பல வருடம் கழித்துத் தேடிப் பார்த்தபோது, வலது விரல் சூப்பிய 60 பேரும் வலக்கையராக இருந்தார்கள். இடது விரல் சூப்பிய 15 பேரில் 10 பேர் இடக்கையர். வயிற்றுக்குள்ளேயே தொடங்கும் ஒன்றுக்கு, தாய் ஊட்டிய விதத்தையோ அம்மம்மா தூக்கிய கையையோ குற்றம் சொல்வது எப்படி நியாயம்?

இடக்கை மீதான வெறுப்பு எங்களுக்கு மட்டும் சொந்தமானதில்லை. இத்தாலிய மொழியைக் கேளுங்கள். இடப்பக்கம் "சினிஸ்த்ரா". கார் காப்புறுதிக் கடிதத்தில் விபத்துக்கு வரும் சொல் "சினிஸ்த்ரோ". இடக்கையருக்கு "மன்ச்சீனோ" என்று பெயர். அது ஊனம் என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பலெர்மோவில் வயதானவர்களைக் கேட்டால், பள்ளிக்கூடத்தில் இடக்கை பிசாசின் கை என்று சொல்லி வலக்கையால் எழுத வைத்த காலத்தைச் சொல்வார்கள். இதே நாட்டில்தான் சேசரே லொம்ப்ரோசோ என்ற பேராசிரியர், குற்றவாளிகளிடையே இடக்கையர் அதிகம் என்று எண்ணிக்கை போட்டு எழுதினார். அவர் வழி வந்தவர்கள் தென் இத்தாலியரையே பிறவியில் குறைந்தவர்கள் என்றார்கள். சிசிலிக்காரருக்கு அந்த முத்திரையின் வலி தெரியும். ஒரு எண்ணிக்கையை எடுத்து ஒரு ஆளின் நெற்றியில் ஒட்டினால் என்ன நடக்கும் என்பதற்கு இந்தத் தீவு ஒரு சாட்சி.

எங்கட பக்கத்தில் வலது "சோத்துக்கை", இடது "பீச்சாங்கை". ஏடு தொடக்கும்போது அரிசியில் எழுதுவது வலது கைவிரல். கோவிலில் விபூதி வாங்குவதும், பெரியவர்களுக்கு ஒரு பொருளைக் கொடுப்பதும் வலக்கையால். இதெல்லாம் மரியாதைப் பழக்கம். பிள்ளைக்கு அதைச் சொல்லிக் கொடுப்பதில் எனக்கு மறுப்பில்லை, எல்லாப் பிள்ளையும் பழகும். பென்சில் பிடிக்கும் கை வேறு விசயம். அதைத் தட்டி மாற்றாதீர்கள். சிறுவயதில் கை மாற்றப்பட்டவர்களைப் பெரியவர்களான பிறகு மூளைப் படம் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். வலக்கையால் எழுதினாலும் மூளை முழுதாக வலக்கையரின் மூளையாக மாறியிருக்கவில்லை. தமிழ், இத்தாலியன், சிசிலியன் என்று மூன்று பாசைக்குள் வளரும் பிள்ளைக்கு அந்தச் சுமையும் எதற்கு?

கைப்பழக்கத்தில் பெற்றோர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு, அது ஆட்டிசத்தோடு சேர்ந்ததில்லை. ஒரு வயது ஆக முன்னமே பிள்ளை ஒரு கையை மட்டும் பாவித்து, மற்றக் கையைப் பொத்திப் பிடித்தபடியே வைத்திருந்தால், அந்தக் கையில் பலவீனம் இருக்கலாம். மருத்துவரிடம் காட்ட வேண்டும். மற்றப்படி, எந்தக் கை என்பது பெரும்பாலான பிள்ளைகளுக்கு 3, 4 வயதில்தான் தெளிவாகும்.

ஆட்டிசத்துக்குப் பார்க்க வேண்டியவை வேறு. ஒரு வயதாகியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லையா? ஒன்றரை வயதாகியும் "அங்க பார்" என்று விரலால் சுட்டிக் காட்டுவதில்லையா? முகம் பார்த்துச் சிரிப்பது குறைவா? வந்த சொற்கள் இல்லாமல் போய்விட்டனவா? விளையாட்டுக் காரை ஓட்டாமல் சில்லை மட்டும் மணிக்கணக்காகச் சுழற்றுகிறதா? இதில் ஒன்றை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. பல சேர்ந்து வந்தால் காத்திருக்கக் கூடாது.

ஆனால் நாங்கள் காத்திருக்கிறோம். "ஆம்பிளைப் பிள்ளை, பிந்தித்தான் கதைப்பான்." "வீட்டில தமிழ், வெளியில இத்தாலியன், பிள்ளை குழம்பிட்டுது." இந்த இரண்டு வசனங்களுக்குள் இரண்டு வருடம் போய்விடும். இரண்டு மொழி ஆட்டிசத்தை உண்டாக்குவதும் இல்லை, கூட்டுவதும் இல்லை. ஆய்வுகள் இதில் ஒத்த கருத்தில் இருக்கின்றன. "வீட்டில் இத்தாலியன் மட்டும் பேசுங்கோ" என்று யாராவது அறிவுரை சொன்னால், அம்மாவுக்கு நன்றாக வரும் மொழியில்தான் பிள்ளையோடு கதைக்க வேண்டும் என்று தயங்காமல் சொல்லுங்கள். அம்மாவோடு கதைக்கிற மொழியை நிற்பாட்டினால், பிள்ளைக்கு மிஞ்சுவது குறைந்த பேச்சுத்தான்.

காத்திருப்பதால் இழப்பது என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும். இத்தாலி 1977ஆம் ஆண்டின் 517ஆம் இலக்கச் சட்டத்தோடு, இயலாமை உள்ள பிள்ளைகளைத் தனி வகுப்புகளில் ஒதுக்குவதை விட்டு, மற்றப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் இருத்தியது. உலகிலேயே இதை முதலில் செய்த நாடுகளில் ஒன்று இது. 1992இன் 104ஆம் இலக்கச் சட்டம் உதவி ஆசிரியர் முதற்கொண்டு பெற்றோரின் வேலை விடுப்பு வரை உரிமை தருகிறது. 2015இன் 134ஆம் இலக்கச் சட்டம் ஆட்டிசத்துக்கென்றே வந்தது. இதெல்லாம் தானாக வீடு தேடி வராது. முதலில் பிள்ளையின் பெதியாத்ராவிடம் போக வேண்டும். அவர் சுகாதாரத் திணைக்களத்தின் சிறுவர் நரம்பியல் உளவியல் பிரிவுக்கு அனுப்புவார். பிறகு இன்ப்ஸ் மூலம் 104 சான்று, அதன் பிறகு பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்கென்றே தனிக் கல்வித் திட்டம். ஒவ்வொரு வாசலிலும் காத்திருப்பு நீளும். அதனால்தான் சந்தேகம் வந்தவுடன் பெயரைப் பதிய வேண்டும். ஆட்டிசம் இல்லை என்று முடிவு வந்தால் உங்களுக்கு நட்டமில்லை.

சான்று எடுத்தால் "நாளைக்குக் கலியாணம் பேசேக்க தெரிஞ்சிடும்" என்று ஒளிக்கிற வீடுகள் எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளை கோவிலுக்கு வராது, ஞாயிற்றுக்கிழமை மொந்தே பெல்லெக்ரினோவில் சாந்தா ரொசாலியாவிடம் ஏறுகிற கூட்டத்தில் இருக்காது, பிறந்தநாள் விழாவுக்கு வராது. தாயும் மெல்ல மெல்ல வராமல் விடுவார். 5 வயதில் கிடைக்க வேண்டிய உதவி 9 வயதில் கிடைக்கிறது. அதற்குள் பள்ளிக்கூடம் அவனுக்குக் "குழப்படிக்காரன்" என்று பெயர் வைத்துவிடும்.

எங்கட சங்கங்களும் தமிழ்ப் பள்ளிகளும் செய்யக்கூடிய வேலை பெரிதில்லை. இடக்கையால் எழுதுகிற பிள்ளையை எழுத விடுங்கள், கொப்பியைச் சற்றுச் சரித்து வைக்கப் பழக்கினால் போதும். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குச் சத்தம் குறைந்த ஒரு மூலையில் இடம் கொடுங்கள். மருத்துவச் சந்திப்புக்கு மூத்த பிள்ளையை மொழிபெயர்ப்பாளராகக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். தம்பியைப் பற்றிய கனமான வார்த்தைகளை 12 வயது அக்கா அம்மாவுக்குச் சொல்ல வேண்டி வரக் கூடாது. பொதுச் சேவைகளில் கலாசார இணைப்பாளர் என்று ஒரு பதவி உண்டு, தமிழுக்கும் ஒருவர் வேண்டும் என்று சங்கங்கள் சேர்ந்து எழுத்தில் கேட்கலாம். அடுத்த கூட்டத்திலேயே அந்தக் கடிதத்தை எழுதத் தொடங்கலாம்.